இன்சுலின் போடுபவர் திடீரென நிலைகுலைந்தால்: வீட்டார் அறிய வேண்டியவை

ரமலான் மாதம், அஸர் நேரம். நோன்பு வைத்திருக்கும் வாப்பா கட்டிலில் சாய்ந்திருக்கிறார். நெற்றியெல்லாம் வியர்வை. கூப்பிட்டால் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்கிறார், காரணமின்றி எரிந்து விழுகிறார். "நோன்புக் களைப்பு, தூங்கட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டு வீட்டார் நோன்பு திறக்கும் வேலையைப் பார்க்கப் போகிறார்கள். அவர் சஹரில் இன்சுலின் போட்டவர் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவில்லை.

அது களைப்பாக இல்லாமல் தாழ்சர்க்கரையாக இருந்தால், அந்தத் தூக்கத்திலிருந்து அவர் எழாமலே போகலாம். ஆனால் மூன்று தேக்கரண்டி சீனியால் அவரைக் காப்பாற்றிவிடவும் முடியும். ஆகவே இதை நம் வீட்டுப் பிள்ளைகள்வரை எல்லோரும் தெரிந்துகொள்வோம்.

ஏன் வருகிறது?

சர்க்கரை இறங்கினால், உடலில் தானாகச் சுரக்கும் இன்சுலின் நின்றுவிடும். ஊசியில் போட்ட இன்சுலின் அப்படி நிற்காது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஊசி போட்டபின் சாப்பாடு தாமதமாவது, வாந்தி, வழக்கத்தைவிடக் கூடுதல் உழைப்பு, மறதியில் இரண்டு முறை போட்டுக்கொள்வது ஆகியவை முக்கியக் காரணங்கள். சிறுநீரகம் பழுதுபட்டவர்களின் உடலில் இன்சுலின் அதிக நேரம் தங்கிவிடும்.

ஊசிக்குழலிலும் தவறு நேர்கிறது. மருந்தில் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரு வகை உண்டு. 100 மருந்தை 40-க்கான ஊசிக்குழலில் எடுத்தால், உடலுக்குள் போவது இரண்டரை மடங்கு. பாட்டிலிலும் ஊசிக்குழலிலும் ஒரே எண் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள்.

எப்படி அறிவது?

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் அது தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே போனால் ஆபத்து. முதலில் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும் பசி வரும். மூளைக்குச் சர்க்கரை குறையும்போது பேச்சுக் குழறல், குழப்பம், தள்ளாட்டம், வீண் கோபம் வரும். அதன்பின் வலிப்பும் மயக்கமும். பல்லாண்டு நோயுள்ள முதியவர்களுக்கு முதல் அறிகுறிகள் தெரியாமலே போகலாம், நேராகக் குழப்பத்தில்தான் தொடங்கும். இரவில் உடை நனையும் வியர்வை, கெட்ட கனவு, காலைத் தலைவலி இருந்தாலும் சந்தேகியுங்கள்.

என்ன செய்வது?

1. நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால், மூன்று தேக்கரண்டி சீனி அல்லது குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து உடனே கொடுங்கள். கருவி இல்லையென்றால் பரிசோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

2. அல்வா, சாக்லேட் வேண்டாம். அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சீனி சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும்.

3. 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். தேறவில்லையென்றால் மீண்டும் அதே அளவு கொடுங்கள். தேறியதும் இட்லி, ரொட்டி, சோறு என ஏதாவது சாப்பிடச் செய்யுங்கள். அடுத்த ஊசியின் அளவை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள்.

4. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், தண்ணீர்கூட. அது நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். "இன்சுலின் போடுபவர்" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

"சர்க்கரை நோயாளிக்குச் சீனி கொடுக்கலாமா?" என்ற தயக்கம் நம் வீடுகளில் உண்டு. சந்தேகமாக இருந்தால் கொடுங்கள். சிறிது நேரம் சர்க்கரை கூடினால் பிறகு சரிசெய்துகொள்ளலாம். குறைந்தால் அந்த நேரத்திலேயே உயிர் போகலாம்.

நோன்பு நாட்களில்

இன்சுலின் போடுபவர் நோன்பு வைக்கலாமா என்பதை ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். வைக்கலாம் என்றால் ஊசியின் அளவும் நேரமும் மாறும். பழைய அளவையே சஹரில் போடுவது ஆபத்து. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. 70-க்குக் கீழே இறங்கினால், மஃரிபுக்குப் பத்து நிமிடமே இருந்தாலும் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும். நோயாளிக்கு வேறு நாளில் நோற்கும் சலுகையும், அதற்கும் இயலாதவருக்கு ஃபித்யாவும் மார்க்கத்திலேயே இருக்கின்றன. "இவ்வளவு நேரம் இருந்தாயிற்று, இன்னும் கொஞ்சம்தானே" என்று வீட்டார் வற்புறுத்தக் கூடாது.

இந்த வாரமே ஒரு வேலை செய்வோம். இன்சுலின் போடும் பெரியவரின் தலைமாட்டில் ஒன்று, வெளியே கொண்டுபோகும் பையில் ஒன்று என்று குளுக்கோஸ் பொட்டலம் வைப்போம். அது எங்கே இருக்கிறது, எப்போது கொடுக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைப்போம். வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரத்தில் அந்தப் பிள்ளைதான் அவருக்குத் துணை.