கடையில் வேலை பார்க்கும் பெண்களும் நமது கடமையும்

நமது கடைகள் பலவற்றில் பொட்டலம் போடவும் பில் போடவும் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவர், குடோனுக்குத் தனியாகப் போகச் சொன்னால் தயங்குகிறார். நல்ல வேலைக்காரி, காரணம் சொல்லாமல் நின்றுவிடுகிறார். இதைக் கண்டால் நாம் கவனிக்க வேண்டும்.

பாலியல் தொந்தரவு என்பது கையைப் பிடித்து இழுப்பது மட்டுமல்ல. வேண்டுமென்றே இடித்துச் செல்வது, இரட்டை அர்த்தப் பேச்சு, செல்போனில் ஆபாசப் படம் காட்டுவது, சொன்னபடி நடந்தால் சம்பளம் கூடும் என்பது ஆகிய எல்லாமே அதில் அடங்கும். "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்பது பதிலாகாது.

1997-ல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 2013-ல் தனிச் சட்டமே வந்தது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனம் ஒரு பெண்ணின் தலைமையில் உள்ளகக் குழு அமைக்க வேண்டும். தவறினால் ரூ.50,000 வரை அபராதம். சிறிய கடைதானே என்று நாம் ஒதுங்க முடியாது. பத்துப் பேருக்குக் குறைந்த கடைகளின் புகாரையும், முதலாளி மீதே வரும் புகாரையும் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழு விசாரிக்கும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை குழு ஏற்கலாம்.

புகார் வந்தால் நாம் செய்ய வேண்டியவை:

1. முழுவதையும் பொறுமையாகக் கேட்டு, தேதியுடன் குறித்து வைக்க வேண்டும். பெயரைக் கடைத்தெருவில் பேசக் கூடாது.

2. அந்தப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரோடு ஒரே இடத்தில் வேலை செய்ய வைக்கவும் கூடாது.

3. பணம் கொடுத்து முடித்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. அந்தப் பெண்ணே கேட்டால்தான் குழு சமரசம் பேசலாம். அதற்கும் பணம் அடிப்படையாக இருக்கக் கூடாது என்கிறது சட்டம்.

4. அவர் போலீசுக்குப் போக விரும்பினால் உடனிருந்து உதவ வேண்டும்.

தொந்தரவு செய்தவர் சரக்கு இறக்க வந்தவராகவோ, பல வருடப் பற்றுக் கணக்கு உள்ள வாடிக்கையாளராகவோ இருந்தால்தான் நமக்குச் சோதனை. கடைக்கு வந்து போகிறவர்களிடமிருந்தும் பாதுகாப்புத் தருவது முதலாளியின் கடமை என்று சட்டம் சொல்கிறது. ஒரு கணக்கு போனால் இன்னொன்று வரும். நம்மை நம்பிப் பெண்ணை அனுப்பிய குடும்பத்துக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

மகளிர் உதவி எண் 181. கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி இன்றே எழுதி ஒட்டுவோம்.