அசையும் தரையின்மேல்

பத்து மீட்டர் தொலைவில் ஓர் இலக்கு. அதன் நடுவே உள்ள பத்தாம் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர் மட்டுமே. இவ்வரியின் இறுதியில் நீங்கள் காணும் முற்றுப்புள்ளி ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கும். சுடப்படும் குண்டின் விட்டமோ 4.5 மில்லிமீட்டர். குறியைவிடக் குண்டு ஒன்பது மடங்கு பெரிது! நின்றவாறே துப்பாக்கியைத் தோளில் தாங்கி, மூச்சை அடக்கிச் சுட வேண்டும். வீரரின் இதயத் துடிப்பே குறியை விலக்கிவிடக்கூடும்.

இந்தக் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில்தான் 2008 ஆகஸ்ட் 11 அன்று, பெய்ஜிங் நகரில், அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றார். ஒலிம்பிக்கில் தனிநபர் பிரிவில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது. அந்த வெற்றியை நாடு முழுவதும் அறியும். ஆனால் மன ஒருமையையும் உறுதியையும் பற்றிக் கற்க விரும்புவோர் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகவே பாடத்தைத் தொடங்குவது நல்லது.

2004-ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக். தகுதிச் சுற்றில் 600-க்கு 597 புள்ளிகள் பெற்று, மூன்றாமவராக இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தார் பிந்த்ரா. பதக்கம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. இறுதிச் சுற்றிலோ அவர் ஏழாமிடத்துக்குச் சரிந்தார். எங்கே பிழைத்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை. பின்னரே செய்தி தெரியவந்தது: அவர் நின்று சுட்ட இடத்தில் தரையில் பதித்திருந்த டைல்ஸ் கல் ஒன்று பிடிப்பற்று அசைந்துகொண்டிருந்தது.

இவ்விடத்தில் வாசகர்கள் சற்று நிற்க வேண்டுகிறேன். தன்மேல் குற்றமில்லாத ஒரு காரணம் கிடைப்பதைப் போன்ற ஆறுதல் வேறில்லை. வங்கிப் பணியில் அத்தகைய காரணங்களை நாள்தோறும் கேட்கிறேன். மழை பொய்த்தது; வர வேண்டிய பாக்கி வரவில்லை; வீட்டில் எதிர்பாராத மருத்துவச் செலவு. பெரும்பாலும் அவை உண்மையான காரணங்களே. அவற்றை ஐயுறும் உரிமை எனக்கில்லை. ஆனால் உண்மையான காரணத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. அது கிடைத்தவுடன், அடுத்துச் செய்ய வேண்டியது எது என்ற கேள்வி மறைந்துவிடுகிறது.

பிந்த்ராவும் அந்த டைல்ஸ் கல்லை வாழ்நாள் முழுவதும் சுட்டிக்காட்டி இருந்திருக்கலாம். எவரும் மறுத்திருக்க மாட்டார்கள். அவர் செய்தது வேறு. தம் இல்லத்துப் பயிற்சிக்கூடத்தில் அசையும் டைல்ஸ் கல் ஒன்றைத் தாமே பதித்து, அதன்மேல் நின்று சுடப் பழகினார். இன்னொரு முறை தரை அசைந்தால், அது தமக்குப் பழகிய தரையாக இருக்க வேண்டும் என்று எண்ணினார். விளையாட்டு வீரர்களைப் பற்றிய கட்டுரைகளில் சூளுரையும் கண்ணீரும் நிறைய வருவதுண்டு. எனக்கு அவற்றைவிட இந்த ஒரு கல் பெரிதாகத் தோன்றுகிறது.

இடைப்பட்ட ஆண்டுகள் எளிதாகக் கழியவில்லை. 2006-இல் ஸாக்ரெப் நகரில் உலகச் சாம்பியன் பட்டம் வென்றார். முதுகுத்தண்டில் ஏற்பட்ட பாதிப்பால் அதே ஆண்டின் தோஹா ஆசிய விளையாட்டில் பங்கேற்க இயலவில்லை. மீண்டு வந்தே பெய்ஜிங் சென்றார்.

அங்கும் தரை வேறொரு வடிவில் அசைந்தது. தகுதிச் சுற்றில் 596 புள்ளிகளுடன் நான்காமவராகத் தேர்ந்தார். இறுதிச் சுற்றுக்கு முன் சோதனைக்காகச் சுட்டபோது, குண்டு நடுப்புள்ளியை விட்டு வெகுதூரம் விலகி விழுந்தது. குறிபார்க்கும் கருவியின் அமைப்பு எப்படியோ மாறியிருந்தது. ஏன், எவரால் என்று ஆராய அப்போது நேரமில்லை. கிடைத்த சில நிமிடங்களுக்குள் கருவியைத் திருத்தி, சோதித்து, மீண்டும் திருத்திக்கொண்டார்.

வணிகவியல் படித்தவன் என்பதாலோ என்னவோ, அந்த இறுதிச் சுற்றின் எண்களை ஒரு கணக்கேட்டைப் போல நான் பலமுறை பார்த்ததுண்டு. ஒவ்வொரு முறைக்கும் அதிகபட்சம் 10.9. பிந்த்ராவின் பத்து முறைகள் வருமாறு: 10.7, 10.3, 10.4, 10.5, 10.5, 10.5, 10.6, 10.0, 10.2, 10.8. பத்துக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. எனினும் என் கண் எப்போதும் எட்டாவது, ஒன்பதாவது எண்களில்தான் நிற்கிறது. முடிவு நெருங்கும் வேளையில் சரிவு தொடங்கிவிட்டது. ஒன்பது முறை முடிந்தபோது பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனும் அவரும் 689.7 என்ற சமநிலையில் இருந்தனர். எஞ்சியது ஒரே ஒரு குண்டு. ஹாக்கினன் எடுத்தது 9.7, பிந்த்ரா எடுத்தது 10.8. மொத்தம் 700.5. வெள்ளி வென்ற சீனாவின் ஜூ சினானுக்கும் அவருக்கும் இடையே இருந்தது 0.8 புள்ளி மட்டுமே.

எங்கள் கிளைகளில் முப்பத்தாறு மாதத் தொடர் வைப்புக் கணக்கை முப்பதாம் மாதத்தில் முடித்துக்கொள்ள வருபவர்களைக் காணும்போது அந்த 10.0 எனக்கு நினைவுக்கு வரும். தொடக்கத்தில் ஊக்கம் இருக்கும்; முதல் ஆண்டு தவறாமல் கட்டிவிடுவார்கள். முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்போதுதான் மனம் தளரும், அல்லது கையில் சேர்ந்த தொகை ஆசை காட்டும். உண்மையான நெருக்கடி என்றால் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதற்காகவே அது உங்கள் பணம். ஆனால் படிவத்தில் கையெழுத்திடுமுன், வைப்பின்மீது கடன் பெற இயலுமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பல சமயங்களில் கருவியை அங்கேயே திருத்திக்கொள்ள வழி இருக்கிறது.

பிந்த்ராவின் கணக்கு பெய்ஜிங்குடன் முடியவில்லை. 2012 லண்டனில் அவர் இறுதிச் சுற்றையே எட்டவில்லை. 2016 ரியோவில், போட்டி நாளன்று காலையில் துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவி விழுந்து உடைந்தது. மாற்றுக் கருவியுடன் இறுதிச் சுற்று வரை சென்றார். அங்கே உக்ரைன் வீரருடன் சமநிலை ஏற்பட, இருவரும் ஒரு குண்டு கூடுதலாகச் சுட வேண்டியதாயிற்று. அவர் 10.5, பிந்த்ரா 10.0. நான்காம் இடம், பதக்கமில்லை. அவ்வாண்டே ஓய்வு பெற்றார்.

பெய்ஜிங்கின் 10.8-உம் ரியோவின் 10.0-உம் ஒரே மனிதரின், ஒரே உழைப்பின் கணக்கில்தான் பதிவாகின்றன. என் மகனுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லி வருகிறேன். அவன் இன்னும் முதலாவதை மட்டுமே மறுபடி மறுபடி கேட்கிறான்.