கிதாரின் குரல் எங்கே போயிற்று?

ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்கு மாணவர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். மேடையில் ஐந்து பேர். ஒருவன் டிரம், ஒருவன் பாஸ் கிதார், ஒருத்தி கீபோர்டு, ஒருத்தி பாட்டு, இன்னொருவன் மின் கிதார். பாட்டு தொடங்கியது. கிதார்ப் பையனின் விரல்கள் தந்திகளின்மேல் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது. காதுக்கு ஒன்றும் எட்டவில்லை.

அவன் பெருக்கியின் வால்யூம் குமிழைத் திருகினான். உடனே பாஸ் வாசிப்பவனுக்குத் தன் வாத்தியம் கேட்கவில்லை; அவனும் திருகினான். டிரம் அடிப்பவன் இன்னும் ஓங்கி அடித்தான். பாடும் பெண் கத்தத் தொடங்கினாள். அரை மணி நேரத்தில் மண்டபம் முழுவதும் ஒரே இரைச்சல். கிதாரை மட்டும் முன்போலவே காணோம்.

"வீட்ல வாசிச்சப்ப நல்லா கேட்டுச்சு சார். இங்க பத்து வரைக்கும் வச்சும் கேக்கல" என்றான் பையன். முகத்தில் அழுகை தெரிந்தது. விழாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

குமிழைத் திருகினால் கேட்க வேண்டியதுதானே? ஏன் கேட்கவில்லை? அந்தப் பையனுக்குச் சொன்ன விடையையே மாணவ நண்பர்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் திறனைப் பார்ப்போம். 50 வாட் பெருக்கியை எடுத்துவிட்டு 100 வாட் பெருக்கியை வைத்தால் ஒலி இரு மடங்காகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். டெசிபல் என்பது மடக்கை அளவு. திறனை இரட்டித்தால் ஒலி மட்டம் 3 டெசிபல்தான் உயரும். காதுக்கு ஒலி ஏறக்குறைய இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு திறன் தேவை. ஆகவே வாட்டுகளின் போட்டியில் யாரும் வெல்வதில்லை. பக்கத்தில் இருப்பவரும் திருகிவிட்டால் பழைய நிலையே மிஞ்சும்.

அடுத்து, ஒவ்வொரு வாத்தியமும் அதிர்வெண் ஏணியில் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்ப்போம். கிதாரின் மிகத் தடித்த தந்தி 82.4 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலிக்கிறது. மெல்லிய தந்தி 329.6 ஹெர்ட்ஸ். வீணையில் மெட்டு என்று சொல்கிறோமே, அதைக் கிதாரில் ஃபிரெட் என்பார்கள். மெல்லிய தந்தியை 22-ஆவது ஃபிரெட்டில் அழுத்தினால் சுமார் 1,175 ஹெர்ட்ஸ் வரை போகலாம். இவை அடிப்படை அதிர்வெண்கள் மட்டுமே. ஒவ்வொரு சுரத்தோடும் அதன் இரு மடங்கு, மும்மடங்கு என மேற்சுரங்கள் சேர்ந்தே எழுகின்றன. கிதாருக்கென்று செய்த ஒலிபெருக்கி சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் எழுப்பாது.

பாஸ் கிதார் 41.2 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மின் வலு 50 முதல் 100 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. கீபோர்டோ எல்லாப் படியிலும் கால் வைக்கும். சிம்பல் என்ற பெரிய வெண்கலத் தட்டின் ஒலி 10,000 ஹெர்ட்ஸையும் தாண்டிப் பரவும். ஆகக் கிதாரின் கீழ்ப்பகுதியில் பாஸும் டிரம்மும், மேல்பகுதியில் சிம்பல், நடுவில் பாட்டு. கிதார் நெரிசல் பேருந்தில் கடைசியாக ஏறியவரைப்போல நிற்கிறது.

ஒரே பகுதியில் இரண்டு ஒலிகள் சேர்ந்தால் வலிமையானது மற்றதை மறைத்துவிடுகிறது. இதற்கு ஒலிமறைப்பு என்று பெயர். 1876-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஆல்ஃபிரட் மேயர் ஒரு விந்தையைக் கவனித்தார். தாழ்ந்த ஒலி உயர்ந்த ஒலியை மறைக்கும்; உயர்ந்த ஒலி தாழ்ந்த ஒலியை அவ்வளவாக மறைப்பதில்லை. ஏன் இந்த ஓரவஞ்சனை?

காரணம் நம் உட்செவியில் இருக்கிறது. நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியாவுக்குள் ஒரு மெல்லிய சவ்வு நீளவாக்கில் செல்கிறது. ஒலி நுழைந்ததும் அந்தச் சவ்வில் அலை ஓடுகிறது. உயர்ந்த ஒலியின் அலை வாசலருகிலேயே உச்சமடைந்து அடங்கிவிடும். தாழ்ந்த ஒலியின் அலை உள்ளே கடைசிவரை போகும். போகும் வழியில் உயர்ந்த ஒலிகளுக்குரிய இடத்தையும் அசைத்துக்கொண்டே போகிறது. இந்த ஓடும் அலையைக் கண்டறிந்த கியார்க் ஃபான் பெக்கேஷிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. மேடையில் பாஸும் டிரம்மும் கிதாரை விழுங்குவதற்கு விளக்கம் இதுதான். கிதாரின் தடித்த தந்திகள் எழுப்பும் முழக்கமும் இதே குற்றத்தைச் செய்கிறது: பாட்டை மறைக்கிறது, கிதாரின் மேற்சுரங்களையே கூட மறைக்கிறது.

அப்படியானால் கிதாரின் தாழ்ந்த பகுதியைக் குறைத்துவிட்டால் என்ன? "சுரமே போய்விடுமே!" என்று நீங்கள் கேட்கலாம். போகாது. வீட்டுத் தொலைபேசியை நினைத்துப் பாருங்கள். அந்தக் கம்பியில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள் மட்டுமே செல்லும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 100-ஐ ஒட்டியது. அது தொலைபேசியில் வருவதே இல்லை. ஆனாலும் அப்பா பேசினால் அப்பாவின் கனத்த குரலாகத்தானே கேட்கிறது? மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு இடைவெளியில் இருக்கின்றன என்பதிலிருந்து, வராத அடிப்படையை மூளை ஊகித்துக்கொள்கிறது. கிதாரின் 82.4 ஹெர்ட்ஸை வெட்டினாலும் 164.8, 247.2, 329.6 என்ற வரிசை மிஞ்சுகிறது. காது அதே சுரத்தைத்தான் கேட்கும். கீழே இருக்கும் வெற்றிடத்தைப் பாஸ் கிதார் நிரப்பிக்கொள்ளும்.

இனி, எதைக் கூட்டுவது? இங்கே ஒரு சிறு கணக்கு. நம் வெளிச்செவிக் குழாயின் நீளம் சுமார் 2.5 செ.மீ. அது ஒரு பக்கம் மூடிய குழாய், மறுமுனையில் செவிப்பறை. இத்தகைய குழாயில் அலைநீளத்தின் கால் பங்கு பொருந்தும்போது ஒத்ததிர்வு ஏற்படும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அலைநீளம் 10 செ.மீ.; ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர்; வகுத்தால் 3,400 ஹெர்ட்ஸ். அந்த வட்டாரத்தில்தான் காது மிகக் கூர்மையாக இருக்கிறது. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் யோகான் சுண்ட்பெர்க் இதற்கு அழகான சான்று தருகிறார். ஒலிவாங்கி இல்லாமல் பாடும் ஆபரா பாடகரின் குரல் முழு இசைக்குழுவையும் மீறி எப்படிக் கேட்கிறது? இசைக்குழுவின் வலு சுமார் 450 ஹெர்ட்ஸில் உச்சமடைந்து அதற்கு மேல் சரிகிறது. பயிற்சி பெற்ற பாடகரின் குரலில் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு தனி மேடு இருக்கிறது. பாடகர் இசைக்குழுவைவிட உரக்கப் பாடவில்லை. அது இல்லாத இடத்தில் பாடுகிறார்.

கிதாருக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. சுமார் 700 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான நடுப்பகுதி. பெருக்கியில் பாஸ், மிடில், டிரெபிள் என்று மூன்று குமிழ்கள் இருக்கும். பெரும்பாலான மாணவர்கள் நடுக்குமிழைக் குறைத்து, இரு பக்கக் குமிழ்களையும் உயர்த்தி வைக்கிறார்கள். அறையில் தனியே கேட்க அது இனிமைதான். காரணம், ஒலி மெதுவாக இருக்கும்போது தாழ்ந்த அதிர்வெண்களை நம் காது சரியாக உணர்வதில்லை. இதை 1933-இல் ஃபிளெட்சர், மன்சன் இருவரும் அளந்து வரைபடமாகத் தந்தார்கள். அறையில் குறைந்த ஒலியில் வாசிப்பவன், காதுக்குப் போதவில்லை என்று பாஸ் குமிழைத் திருகுகிறான். அதே நிலையில் மேடைக்குப் போய் வால்யூமை உயர்த்தினால் தாழ்ந்த ஒலி பூதமாக வீங்கிவிடுகிறது. தனக்கென்று இருந்த ஒரே இடத்தையும் நடுக்குமிழைக் குறைத்து அவனே காலி செய்துவிட்டான்! 1970-களின் இறுதியில் ஜப்பானிலிருந்து வந்த டியூப் ஸ்கிரீமர் என்ற சிறு பெடல் இன்றும் விரும்பப்படுவதற்கு ஒரு காரணம், அது கீழ்ப்பகுதியைக் குறைத்து 720 ஹெர்ட்ஸ் வட்டாரத்தைத் தூக்கிக் கொடுப்பதே.

டிஸ்டார்ஷன் என்ற கரகரப்புக்கும் ஓர் எல்லை வேண்டும். பெருக்கி தாங்காத அளவுக்குச் சைகை வந்தால் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அதனால் புதிய மேற்சுரங்கள் பிறக்கும். இரண்டு சுரங்களைச் சேர்த்து வாசித்தால் அவற்றின் கூட்டலும் வேறுபாடும் கூடத் தனி ஒலிகளாகத் தோன்றும். 82.4, 123.5 என்ற இரு சுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வேறுபாடு 41.1 ஹெர்ட்ஸ். அது பாஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த சுரமேதான்! கிதார்க்காரன் தன்னையறியாமல் அடுத்தவன் வீட்டில் நுழைகிறான். இரண்டு சுரம் என்றால் வேறுபாடாவது பொருத்தமாக அமைகிறது. ஐந்தாறு சுரம் கொண்ட கார்டு என்றால் கிடைப்பது சேறுதான். மேலும், தலை வெட்டுப்பட்ட அலையில் தந்தியை மீட்டும் அந்தக் கணத்தின் 'டிங்' மழுங்கிவிடுகிறது. கூட்டத்தில் ஒரு வாத்தியத்தைக் காது அடையாளம் காண்பது பெரிதும் அந்த 'டிங்'கைக் கொண்டே.

தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பிலும் கவனிக்க வேண்டியது உண்டு. நிலைக்காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலேதான். தந்தி தாங்கியான பிரிட்ஜின் அருகில் அடிப்படை அதிர்வின் வீச்சு மிகக் குறைவு. மேற்சுரங்களின் பங்கு அதிகம். ஆகவே பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் கூர்மையாகவும், கழுத்துப் பக்கத்தது கனமாகவும் ஒலிக்கும். கூட்டத்தில் கூர்மையானதே வெளியே தெரியும்.

பெருக்கியை எங்கே வைப்பது என்பதை யாரும் யோசிப்பதில்லை. 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 11 செ.மீ.; ஒலிபெருக்கிக் கூம்பின் விட்டமோ 30 செ.மீ. அலைநீளத்தைவிடப் பெரிய கூம்பு, ஒலியை டார்ச் வெளிச்சம்போல நேரே பாய்ச்சும். தரையில் வைத்த பெருக்கியின் கூரிய ஒலி வாசிப்பவன் முழங்காலைக் கடந்து முதல் வரிசையைத் துளைக்கிறது. அவன் காதுக்கு மந்தமாகத்தான் எட்டும். இன்னும் திருகுவான். ஒரு நாற்காலியின்மேல் தூக்கி வைத்தால் தீர்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், மின் கிதார் பிறந்ததே இந்தத் தொல்லையால்தான். 1930-களின் நடன இசைக்குழுக்களில் ட்ரம்பெட், சாக்ஸபோன்களின் முழக்கத்தில் மரக் கிதார் கேட்கவில்லை. அதனால்தான் அதில் காந்தமும் சுருளும் ஏறின. ஆனால் கவுண்ட் பேசியின் ஜாஸ் குழுவில் 1937-இல் சேர்ந்த ஃபிரெடி கிரீன், பெருக்கியே இல்லாத கிதாரோடு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அமர்ந்திருந்தார். ஆறு தந்திகளையும் அவர் முழங்க விடவில்லை. நடுப்பகுதியில் ஒன்றிரண்டு சுரங்களை மட்டும், தாளத்தின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு முறை, சுருக்கென்று வாசித்து நிறுத்தினார். என்னைக் கேட்டால், மேடையேறும் ஒவ்வொரு கிதார் மாணவனும் முதலில் கேட்க வேண்டியது இவரைத்தான்.

பள்ளி மண்டபத்துக்குத் திரும்புவோம். பாஸ் குமிழைக் காலளவுக்கு இறக்கினோம், மிடிலை ஏற்றினோம், கரகரப்பைப் பாதியாக்கினோம். கீபோர்டுப் பெண்ணிடம், இடக்கையைச் சற்று ஓய்வாக வைக்கச் சொன்னோம். பாட்டு வரும் இடங்களில் கிதார் சும்மா இருக்க வேண்டும் என்றும், கார்டுகளை ஐந்தாவது ஃபிரெட்டுக்கு மேலே வாசிக்க வேண்டும் என்றும் ஏற்பாடு. பையன் தனியே வாசித்துப் பார்த்தான். "தகர டப்பா மாதிரி இருக்கு சார்" என்றான். இருக்கத்தான் செய்தது. ஐவரும் சேர்ந்து தொடங்கியபோது, கடைசி வரிசையில் எனக்கு ஒவ்வொரு சுரமும் கேட்டது. வால்யூம் குமிழ் பத்தில் இல்லை, ஆறில் இருந்தது.

அந்த நான்கு எண்களின் இறக்கம் இன்னொரு வகையிலும் பெரிது. 85 டெசிபல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம்வரை கேட்கலாம் என்பது வல்லுநர் வகுத்த எல்லை. அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை மடிந்தால் மனிதக் காதில் மீண்டும் முளைப்பதில்லை. முதல் ஒத்திகை முடிந்த இரவு தன் காதில் 'ங்ங்' என்று ஓர் ஓசை கேட்டுக்கொண்டே இருந்ததாக அந்தப் பையன் பிறகு சொன்னான்.

நீங்களும் செய்து பார்க்கலாம். குமிழ்களை மேடையில் நின்று திருகாதீர்கள். நண்பன் ஒருவனைப் பத்தாவது வரிசையில் உட்கார வையுங்கள். எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள். பாஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கிதார் எந்த இடத்தில் தெளிவாகிறதோ, அங்கே அவன் கையைத் தூக்கட்டும்.