ஒன்றரை லட்சத்துக்கு சிடி ப்ளேயர்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு



"சார், வீட்டில் அப்பா சேர்த்து வச்ச சிடி 300 இருக்கு. அதுக்கு ஒரு ஹை-எண்ட் ப்ளேயர் பார்த்தேன், விலை ஒன்றரை லட்சம். இஎம்ஐல எடுக்கலாமா?" நம்ம வள்ளியூர்ப் பக்கத்து வாசகர் ஒருத்தர் கேட்ட கேள்வி இது. அவருக்குக் கைக்கு வர்ற சம்பளம் மாதம் 45,000 ரூபாய்.

பாட்டு கேட்பதை வீண் செலவுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இது அவருடைய மூணு மாதச் சம்பளத்துக்கும் மேல். அதனால முதல்ல சிடி, அப்புறம் ப்ளேயர், கடைசியாப் பணம். இந்த வரிசையில பார்ப்போம்.

1. முதல்ல சிடியைத் திருப்பிப் பாருங்க

கம்பெனியில் அச்சடிச்ச ஒரிஜினல் ஆடியோ சிடியின் அடிப்பக்கம் பளிச்சென்று வெள்ளி நிறத்தில் இருக்கும். கடையில் பதிந்து வாங்கிய சிடி பெரும்பாலும் லேசான பச்சை அல்லது நீல நிறத்தில் இருக்கும். ஒரே சிடியில் நூறு பாட்டு இருந்தா அது எம்பி3 தான். ஏன்னா சாதாரண ஆடியோ சிடி 74 முதல் 80 நிமிடம் வரைதான் கொள்ளும்.

இது ஏன் முக்கியம்? ஆடியோ சிடியில் ஒரு விநாடிக்கு 1,411 கிலோபிட் தகவல் இருக்கு. 128 கிலோபிட் எம்பி3-ல் அதில் பதினொன்றில் ஒரு பங்குதான். சுருக்கும்போது தூக்கி எறிந்ததை எந்த விலை ப்ளேயராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அது போக, விலை உயர்ந்த ப்ளேயர்கள் பலவும் எம்பி3 சிடியைப் படிக்கவே படிக்காது.

300-ல் ஒரிஜினல் எத்தனைன்னு எண்ணுங்க. பதிந்து வாங்கின சிடிகளில் இருக்கும் சாயப் பூச்சு நாளாக நாளாகக் கெட்டுப்போகும். அதனால அவற்றை இப்பவே கம்ப்யூட்டரில் காப்பி எடுத்து வச்சிடுங்க. இந்த வேலைக்குச் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம்.

2. விலை எதுக்குப் போகுது?

ப்ளேயருக்குள்ள ரெண்டு முக்கிய வேலை நடக்குது. சிடியைச் சுழற்றி லேசரால் படிப்பது ஒண்ணு. படித்த எண்களை ஒலியாக மாற்றுவது இன்னொண்ணு. இதைச் செய்யும் பகுதிக்கு 'டாக்' என்று பெயர். சோனியின் முதல் ப்ளேயர் சிடிபி-101, 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அன்றைக்கு வகுத்த 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவில்தான் இன்றைய ஆடியோ சிடியும் ஓடுது. ஆனா அந்த அளவைச் சரியாக ஒலியாக்கும் டாக் இன்று ரொம்ப மலிவாயிடுச்சு.

2007-ல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி இதழில் மேயர், மோரன் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டாங்க. சிடியை விட உயர்தரமான பதிவை அப்படியே ஒரு முறை, சிடி அளவுக்குக் குறைத்து ஒரு முறை ஒலிக்கவிட்டு, எது எதுன்னு சொல்லாமல் கேட்கச் சொன்னாங்க. 554 முயற்சியில் 276 மட்டுமே சரி. காசு சுண்டிப் பார்த்தாலும் இதே அளவுதான் வரும். ஒலியை மிக அதிகமாக ஏற்றினால் மட்டும் பின்னணி இரைச்சலில் வித்தியாசம் தெரிந்தது.

நல்ல ப்ளேயரும் மோசமான ப்ளேயரும் ஒண்ணுன்னு இதுக்கு அர்த்தமில்லை. ஆனா ஒரு தரத்துக்கு மேல் நீங்க கொடுக்கிற பணம் கனமான பெட்டிக்கும், அழகுக்கும், பெயருக்கும்தான் அதிகம் போகுது. காதுக்குப் பெரிய வித்தியாசம் தருவது ஸ்பீக்கரும் அறையும். டைல்ஸ் தரை, வெறும் சுவர் உள்ள நம்ம ஊர் கான்கிரீட் வீட்டில் ஒரு கனமான திரையும் தரைவிரிப்பும் செய்யும் மாற்றம், ப்ளேயர் மாற்றுவதால் கிடைக்காது.

3. தேயும் பாகத்தைக் கேளுங்க

டாக் எளிதில் தேயாது. லேசர் லென்ஸ், மோட்டார், தட்டை இழுக்கும் பெல்ட் இதெல்லாம் தேயும். காற்றோடு தூசி பறக்கிற நம்ம பக்கத்தில் லென்ஸ் கொஞ்சம் சீக்கிரமே தகராறு பண்ணும். கடையில் மூணு கேள்வி கேளுங்க: லென்ஸ் தனியாகக் கிடைக்குமா? எத்தனை வருடத்துக்கு? சர்வீஸ் எங்கே? சென்னை என்றால் வள்ளியூரிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல். பார்சல் செலவையும் விலையில் சேருங்க.

பெரிய பெயரே உத்தரவாதம் ஆகாது. டிஸ்க் ப்ளேயரில் பெரிய மரியாதை சம்பாதித்த ஒப்போ டிஜிட்டல், 2018-ல் அந்தத் தொழிலிலிருந்தே விலகியது.

4. இஎம்ஐ கணக்கு

1,50,000 ரூபாய், 16% வட்டி, 12 மாதம்னு வைங்க. மாதத் தவணை சுமார் 13,610, சம்பளத்தில் 30%. மொத்த வட்டி சுமார் 13,300. கிரெடிட் கார்டு இஎம்ஐ என்றால் அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி, இன்னொரு 2,400. ஆக 15,700 ரூபாய் கூடுதல், ப்ராசஸிங் கட்டணம் தனி.

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்றால்? வட்டி இல்லாத கடன் என்பதே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிடுச்சு. பெரும்பாலும் ரொக்கத்துக்குக் கிடைக்க வேண்டிய தள்ளுபடிதான் வட்டியாகப் போகும். ரொக்க விலை என்னன்னு தனியாகக் கேளுங்க.

5. வரி விஷயம்

பில்லில் இருக்கும் ஜிஎஸ்டியைச் சம்பளக்காரர் திரும்ப எடுக்க முடியாது. தேய்மானமும் கழிக்க முடியாது. தனிநபரிடம் பழைய ப்ளேயர் வாங்கினால் ஜிஎஸ்டி இல்லை. நீங்க சொந்த உபயோகத்துக்கு வாங்கியதைப் பின்னால் விற்றாலும் மூலதன ஆதாய வரி வராது.

வளைகுடாவில் இருக்கும் மச்சான் கொண்டு வந்தால் சுங்க வரம்பை அந்தத் தேதியில் சரிபாருங்க. இன்டர்நேஷனல் வாரண்டி இருக்கான்னும் கேளுங்க. ஜப்பான் மாடல் 100 வோல்ட். நம்ம 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அன்றோடு முடிஞ்சது.

அப்போ என்ன செய்யலாம்?

அந்த வாசகருக்கு நான் சொன்ன பட்ஜெட் இது:

- ப்ளேயர்: 30,000. டிஜிட்டல் அவுட்புட் கட்டாயம் இருக்கணும். பின்னால் டாக் மட்டும் தனியாக மாற்றிக்கலாம்.
- ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர்: 50,000.
- திரை, தரைவிரிப்பு: 10,000.

மொத்தம் 90,000. மாதம் 7,500 வீதம் 12 மாத ஆர்டி போட்டால் அசல் சேர்ந்திடும், வட்டியும் உங்களுக்கு. ஆறு மாதச் செலவுக்கான அவசர நிதி கையில் இல்லைன்னா, அதை முடிச்சுட்டு இந்த ஆர்டியை ஆரம்பிங்க.

கடைக்குப் போகும்போது உங்க வீட்டு சிடி ரெண்டு கொண்டு போங்க. ரெண்டு ப்ளேயரையும் ஒரே ஸ்பீக்கரில், ஒரே சத்த அளவில் போடச் சொல்லுங்க. கொஞ்சம் சத்தம் கூடினாலே காது அதைத்தான் 'நல்லா இருக்கு'ன்னு சொல்லும். எது ஓடுதுன்னு தெரியாமல் பத்து தடவை கேளுங்க. ஒன்பது தடவையாவது கண்டுபிடிச்சா கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தம் இருக்கு. அஞ்சோ ஆறோ தான் வந்தால், மிச்சப் பணம் உங்க பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

இஎம்ஐ கணக்கைப் படிப்படியாகப் போடும் விதத்தை நம்ம சேனல் வீடியோவில் காட்டியிருக்கேன். உங்க சம்பளத்தை வச்சு ஒரு தடவை போட்டுப் பாருங்க.