அப்டேட்டை நிறுத்தினால் கம்ப்யூட்டர் பறக்குமா?

"விண்டோஸ் போட்டாச்சு சார். அப்டேட்டையும் ஆஃப் பண்ணிட்டேன், இனிமே ஸ்லோவே ஆகாது." சர்வீஸ் கடைகளில் இதை ஏதோ கூடுதல் உபகாரம்போலச் சொல்லி அனுப்புகிறார்கள். வாங்கிப் போகிறவரும் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பதே பிழைப்பாகிவிட்ட எனக்கு, கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. ஆடிட்டர் ஆபீஸ், ஸ்கேன் சென்டர், பள்ளி அலுவலகம் என எங்கே போனாலும் சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் அப்டேட்டுக்கு நேரே 'டிஸேபிள்டு' என்றுதான் இருக்கிறது.

இந்த உபகாரத்தின் விலையை 2017-இல் உலகமே பார்த்தது. விண்டோஸின் ஃபைல் பகிர்வு வசதியில் இருந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்று வெளியிட்டது. இரண்டு மாதம்கூட முடியவில்லை. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக வான்னாக்ரை என்ற பணம்பறிக்கும் நிரல் நுழைந்தது. சுமார் 150 நாடுகள், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையில் மட்டும் ஏறத்தாழ 19,000 சிகிச்சை நேரங்கள் ரத்தாயின. மாட்டியவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்கு பேட்ச் தயாராக இருந்தது, போடத்தான் ஆளில்லை. "நான் கண்ட லிங்க்கையெல்லாம் தொடமாட்டேன்" என்று பெருமை பேசுகிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: வான்னாக்ரை பரவ யாரும் எதையும் க்ளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அப்டேட் இறங்கும் நேரத்தில் பழைய ஹார்ட் டிஸ்க் திணறும், உண்மைதான். அதற்கு எஸ்எஸ்டி மாற்றுங்கள், வேலை நேரத்தை 'ஆக்டிவ் அவர்ஸ்' பகுதியில் குறித்துவிடுங்கள். ஜன்னல் சத்தம் போடுகிறது என்று வாசற்கதவைக் கழற்றுவார்களா?

அடுத்தது, "விண்டோஸ் அப்டேட் ஆனால் எல்லாமே ஆன மாதிரிதான்." இல்லை. ஃபைல்களைச் சுருக்கும் வின்ரார் எத்தனை கம்ப்யூட்டர்களில் இருக்கிறது! 40 நாள் இலவசக் காலம் முடிந்தது என்று அது காட்டும் பெட்டியைத் தினமும் மூடுகிறவர்கள், ஹெல்ப் மெனுவில் 'அபௌட்' போய் எந்த வெர்ஷன் என்று ஒரு தடவை பார்த்திருக்க மாட்டார்கள். வின்ரார் தன்னைத் தானே அப்டேட் செய்துகொள்ளாது. 19 ஆண்டுகளாக அதில் கிடந்த ஓர் ஓட்டை 2019-இல் வெளிச்சத்துக்கு வந்தது, 5.70-இல் சரிசெய்தார்கள். 2023-இல் இன்னொன்று, 6.23-இல் அடைபட்டது. 2025-இல் மற்றொன்று, அதற்கு 7.13. நீங்கள் இன்னும் 5.70-க்கு முந்தைய வெர்ஷனில் இருந்தால் மூன்று கதவும் திறந்தே கிடக்கின்றன.

இப்படிப்பட்ட புரோகிராம்களை அப்டேட் செய்யக் காசு செலவில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'விங்கெட்' என்ற கருவியை மைக்ரோசாஃப்டே தருகிறது. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'விங்கெட் அப்கிரேட்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். உங்களிடம் இருக்கும் வெர்ஷன் ஒரு பத்தியிலும் வந்திருக்கும் புதுசு பக்கத்துப் பத்தியிலும் வரும். கூடவே '--ஆல்' சேர்த்தால் பட்டியலில் உள்ளதை எல்லாம் போட்டுவிடும். டாஸ்க் ஷெட்யூலரில் வாரம் ஒருமுறை ஓடும்படி வைத்துவிட்டால் யாரும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை. ஆபீஸில் நிறைய கம்ப்யூட்டர் இருந்தால் முதலில் இரண்டில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு விடுங்கள்.

சில்லறைகளையும் முடித்துவிடுவோம். வெர்ஷன் எண்ணில் 5.9-ஐவிட 5.10 பழசு என்கிறார்கள். பெரும்பாலான புரோகிராம்களில் 5.10தான் புதுசு, அது தசமப் புள்ளி அல்ல, ஒன்பதுக்கு அடுத்தது பத்து. குரோம் தானாகவே அப்டேட் ஆகிவிடும் என்பது பாதி உண்மை. இறக்கி வைத்துக்கொள்ளும், ஆனால் மூடித் திறந்தால்தான் நடைமுறைக்கு வரும். மாதக்கணக்கில் மூடாமல் வைத்திருப்பவர்களுக்கு வராது. "உங்கள் பிரவுசர் பழையது, இங்கே அழுத்துங்கள்" என்று ஒரு வெப்சைட் சொன்னால் மூடிவிட்டு வெளியே வாருங்கள். 2024 ஜூலையில் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றது விண்டோஸ் அப்டேட்டால் அல்ல, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் கோளாறான ஒரு ஃபைலால்.

கடைசியாக டிடிபி கடைக்காரர்களுக்கு. "புது விண்டோஸ் போட்டா பேஜ்மேக்கர் தகராறு பண்ணும்" என்கிறீர்கள். பண்ணலாம். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல்! அதற்காக, 2020 ஜனவரியிலேயே ஆதரவு நின்றுபோன விண்டோஸ் 7-ஐ நெட்டில் மாட்டி, ஊரார் பென்டிரைவையெல்லாம் அதில் செருகுகிறீர்கள். உங்களைக் கட்டிப்போட்டிருப்பது பேஜ்மேக்கர் மட்டுமல்ல, பாமினி மாதிரியான, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருக்களும்தான். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல். பழைய ஃபைல்களைத் திறக்க மட்டும் ஒரு கம்ப்யூட்டரை நெட் இணைப்பில்லாமல் ஓரமாக வையுங்கள். அடுத்து வரும் கல்யாணப் பத்திரிகையை யூனிகோடில் அடியுங்கள். பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸ் 1.6 இலவசம், தமிழும் அதில் ஒழுங்காக வருகிறது.