தும்மலும் சீனி வருத்தமும்

மே மாத நடுப்பகுதியில் இருந்து யூலை வரை இங்கிலாந்தில் புல்லின் மகரந்தம் காற்றில் பறக்கும் காலம். எம்மவர் பலர் தும்மலும் கண்கடியுமாகவே ஆலயத்துக்கு வருகிறார்கள். அவர்களுள் நீரிழிவு உள்ளவர்கள், "தும்மல் தொடங்கினால் சீனியும் ஏறுகிறதே, இரண்டுக்கும் தொடர்பு உண்டா?" என்று கேட்பதுண்டு. உண்டு. ஆனால் பலர் நினைக்கும் இடத்தில் அல்ல.

மகரந்தம் ஒவ்வாதவர் உடலில் சில கலங்கள் ஹிஸ்ரமின் என்னும் பொருளை வெளிவிடுகின்றன. அதன் இயல்புகளை 1910 இல் இலண்டனில் ஹென்றி டேல், பற்றிக் லெயிட்லோ என்னும் இருவர் ஆராய்ந்து எழுதினர். அது பெருமளவில் குருதியில் கலந்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி அட்ரினலினைச் சுரக்கும். அட்ரினலின் ஈரலில் சேமித்த சீனியைக் குருதிக்குள் இறக்கும். இது உண்மைதான். எனினும் சாதாரணத் தும்மலில் ஹிஸ்ரமினின் வேலை பெரும்பாலும் மூக்கோடும் கண்ணோடும் நின்றுவிடும்.

கணக்காளன் பாஷையில் சொன்னால், ஒருவருடைய செலவை வேறொருவர் பேரில் பதிந்துவிடுகிறோம். உரிய பேர் பல வேளைகளில் ஸ்ரெரோயிட் மாத்திரை. தும்மலோடு ஆஸ்மா இழுப்பும் கடுமையானால் வைத்தியர் சில நாட்களுக்கு பிரெட்னிசொலோன் தருவார். அது ஈரலைக் கூடுதலாகச் சீனி ஆக்கச் செய்கிறது; இன்சுலினின் வலுவையும் குறைக்கிறது. காலையில் விழுங்கினால் பிற்பகலிலும் மாலையிலுமே சீனி உச்சத்துக்கு ஏறும். பலருக்கு விடிவதற்குள் இறங்கிவிடும். எங்கள் ஆட்களோ காலையில் வெறுவயிற்றில் மட்டும் விரலில் குத்திப் பார்த்து, 6 என்றதும் நிம்மதியடைந்து விடுகிறார்கள். மாலைப் பூசையில் தாகம் தாங்காமல் தண்ணீர் தேடுவதும் அவர்கள்தான்! இம்மாத்திரை எடுக்கும் நாட்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும் இராச்சாப்பாட்டுக்கு முன்னும் பார்க்க வேண்டும். கூடியிருந்தால் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. இழுப்பு உயிருக்கே ஆபத்தாகலாம். நீரிழிவு மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். மாத்திரை முடிந்ததும் பழைய அளவுக்குத் திரும்புவது பற்றியும் கேளுங்கள். இல்லையேல் சீனி மிகத் தாழ்ந்துவிடும்.

மூக்குக்கு அடிக்கும் ஸ்ரெரோயிட் ஸ்பிறேயில் குருதிக்குச் செல்வது மிகக் குறைவு. அதற்குப் பயந்து கைவிடத் தேவையில்லை. மூக்கடைப்பு மாத்திரை, இருமல் பாணி வாங்கும்போது நீரிழிவு உண்டென்று மருந்துக் கடையில் சொல்லுங்கள்.

பிரிற்றன் போன்ற பழைய தும்மல் மாத்திரைகளின் தொல்லை வேறு, அவை நித்திரையாக்கும். இன்சுலின் போடுபவர் இரவில் அவற்றை எடுத்தால், சீனி தாழும்போது வரும் நடுக்கமும் வியர்வையும் தெரியாமல் உறங்கிவிடலாம். படுக்கமுன் ஒருமுறை விரலில் குத்திப் பார்த்துவிட்டுப் படுங்கள்.