போனில் டிஎன்எஸ் மாற்றினால் என்ன கிடைக்கும்?

மந்தாரக்குப்பம் கடைவீதியின் மாலை நெரிசலில் வீடியோ சுற்றிக்கொண்டே நின்றால், டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள் என்று யாராவது யோசனை சொல்வார்கள். பாதிதான் சரி. தளத்தின் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடித் தருவதே டிஎன்எஸ்ஸின் வேலை. பக்கம் திறக்கத் தொடங்கும் தாமதம் சற்றுக் குறையலாம், டவரின் நெரிசல் குறையாது. ஆகவே வேகத்தைவிடப் பாதுகாப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே மேல். 2009-ல் வந்த கூகுளின் 8.8.8.8, 2018-ல் வந்த கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 இரண்டும் வேகமானவை. ஆனால் மோசடித் தளங்களை வடிகட்டுவது அவற்றின் வேலையல்ல. 'மின் இணைப்பு துண்டிக்கப்படும்' என்ற குறுஞ்செய்தியைப் பார்த்ததும் பதறி அதிலுள்ள லிங்க்கைத் தொடுபவர் வீட்டில் இருந்தால், 2017-ல் தொடங்கிய குவாட்9-தான் என் தேர்வு. தீங்கானவை என்று அறியப்பட்ட தளங்களுக்கு அது முகவரியே தராது. நேற்று முளைத்த மோசடித் தளம் தப்பிவிடுமே என்றால், தப்பலாம். பழையவை சிக்குவதே லாபம்தான்.

ஆண்ட்ராய்டு 9 முதல் 'பிரைவேட் டிஎன்எஸ்' அமைப்பு உண்டு. அது எண்ணை ஏற்காது, 'டிஎன்எஸ்.குவாட்9.நெட்' என்று ஆங்கில எழுத்தில் தர வேண்டும். நம் தேடல் இன்னொரு நிறுவனத்துக்குப் போகாதா? போகும், நம்பும் ஆளைத்தான் மாற்றுகிறோம். பொது வைஃபையில் உள்நுழையும் பக்கம் வராவிட்டால், தற்காலிகமாக 'ஆட்டோமேட்டிக்'கில் வையுங்கள்.